உங்கள் வட்டத்துக்கு ஒரு சின்னப் புத்தகம்

அன்புள்ள கண்ணுக்கு,

நீ போனில் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். உங்கள் வாசகர் வட்டத்தில் எட்டுப் பேர், மூன்று புத்தகம், ஒன்றைக்கூட முழுதாகப் படித்தவர் கிடையாது. அந்த எட்டில் நீயும் சேர்த்தி என்பதை நீ சொல்லவில்லை, நானே ஊகித்துக்கொண்டேன். இப்போது அதற்குப் பரிகாரமாகப் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் மூன்று மாதத்தில் முடிக்கப் போகிறீர்களாம். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான்.

புத்தகத்தைக் குறை சொல்லவில்லை. உன் பாட்டி அதைக் கல்கி பத்திரிகையில் வாராவாரம் படித்தவர். 1950இல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வந்த தொடர் அது. ஒவ்வொரு வாரமும் ஓரிடத்தில் நிறுத்திவிடுவார்கள், அடுத்த இதழ் வரும்வரை கிணற்றடியில் அதே பேச்சாக இருக்குமாம். அப்படி ஆற அமரப் படிக்க எழுதியதை, ஆபீஸ் விட்டு வந்து தூக்கக் கலக்கத்தில் நாளுக்கு முப்பது பக்கம் என்று விழுங்கினால் தொண்டையில்தான் நிற்கும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒரே தகுதி, நானும் இதே தவற்றைச் செய்தவள் என்பதுதான். இங்கே நூலகத்தில் வாசகர் வட்டம் தொடங்கியபோது, நான் மூன்று முறை படித்த ஒரு தடித்த நாவலைத் தேர்ந்தெடுத்தேன். பாடம் நடத்திய புத்தி எங்கே போகும்? இரண்டாவது கூட்டத்துக்குப் பாதிப் பேர் வந்தார்கள். மூன்றாவதுக்கு இரண்டு பேர், அதுவும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க.

அதில் ஒருவர் தையல் கடை வைத்திருக்கும் அம்மா. "டீச்சர், அடுத்த புத்தகம் எத்தனை மத்தியானம் ஆகும்?" என்று கேட்டார். சாப்பாட்டுக்கும் மறுபடி மெஷினில் உட்காருவதற்கும் நடுவே அவருக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அன்றிலிருந்து எங்களுக்கு அவருடைய மத்தியானம்தான் அளவுகோல். அதிகம் படிக்கிறவரைக் கேட்டுப் புத்தகம் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டேன். ஓட்டெடுப்பும் இல்லை. ஓட்டெடுத்தால், படித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைப்படும் புத்தகத்துக்குத்தான் கை தூக்குகிறார்கள்.

அடுத்து எடுத்தது சி.சு. செல்லப்பாவின் வாடிவாசல். 1959இல் வந்த குறுநாவல், ஒரே ஒரு நாள் ஜல்லிக்கட்டுதான் கதை. மதுரைப் பக்கத்துப் பேச்சு முதலில் சிலருக்குத் தடுக்கியது. அந்தப் பக்கத்துக்காரரான ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் முதல் பத்துப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினார். காதில் விழுந்த பிறகு கண்ணுக்குச் சிரமமே இல்லை. எல்லோரும் முடித்துவிட்டு வந்தார்கள்! கடைசியில் ஜமீன்தார் செய்வது நியாயமா என்று ஒரு சண்டை மூண்டது பார், வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும்வரை ஓயவில்லை. சின்னதாக இருந்தால் மட்டும் போதாது, சண்டை போடவும் அதில் ஏதாவது இருக்க வேண்டும். எல்லோரும் "நன்றாக இருந்தது" என்று சொன்னால் டீ குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

நீங்களும் வாடிவாசலில் தொடங்குங்கள். அதற்குப் பிறகு அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை எடுங்கள். அதுவும் சிறியதுதான். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் பற்றியது, லாரிக்குக் குடத்தோடு நின்றவர் உங்கள் எட்டில் ஒருவராவது இருப்பார். அவரை முதலில் பேசவிடு. எட்டுப் பேருக்கும் பிரதி கைக்கு வந்த பிறகு தேதி குறியுங்கள். இது அற்ப விஷயம்போலத் தெரியும், ஆனால் எங்கள் வட்டத்தில் ஒரு மாதம் இதனாலேயே வீணாய்ப் போனது.

வாடிவாசல் இரண்டு பிரதியை முறுக்குப் பொட்டலத்தோடு அனுப்புகிறேன். ஒன்றில் என் பென்சில் கிறுக்கல் இருக்கும், அதை யாருக்கும் கொடுக்காதே. நீ முடித்துவிட்டுப் போன் செய். ஜமீன்தார் விஷயத்தில் நான் எந்தக் கட்சி என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அம்மா