அடுத்த பெண்ணுக்கு பிசியோவை முதல் நாளே அனுப்புங்கள்

இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்துக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்துக்கும்,

வணக்கம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் 2024 அக்டோபர் 7 அன்று ஓய்வை அறிவித்தார். வயது 31. உடம்பு இனி இடம் கொடுக்கவில்லை என்றார். எல்லோரும் வாழ்த்தினோம், அப்புறம் வேறு வேலை பார்க்கப் போய்விட்டோம். அந்த உடம்பை நாம் எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்று யாராவது கேட்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அகர்தலாவில் பிறந்த பெண். தட்டையான பாதம். ஓடி வந்து குதித்து, ஊன்றி நிற்க வேண்டிய விளையாட்டுக்கு அது பெரிய குறை. பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி பல வருடம் பாடுபட்டு அந்தப் பாதத்தைப் பழக்கினார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வால்ட் பிரிவில், அதாவது ஓடி வந்து ஒரு மேடையில் கையூன்றித் தாவும் பிரிவில், வெண்கலம் வந்தது. இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் பெண் ஒருவர் அங்கே வாங்கிய முதல் பதக்கம் அது.

அதை வாங்கித் தந்தது புரொடுனோவா என்ற தாவல். கைகளை ஊன்றி எழும்பி, காற்றில் முன்பக்கமாக இரண்டு முறை சுழன்று தரையில் கால் பதிக்க வேண்டும். சுழற்சி கொஞ்சம் குறைந்தாலும் கழுத்துக்கே ஆபத்து. சரியாக இறங்கினாலும் முழு வேகத்தையும் முழங்கால்தான் வாங்குகிறது. உலகில் இதைப் போட்டியில் செய்து காட்டிய பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இதன் கடினத்தன்மை மதிப்பு 7.0; தாவல் கடினமாக ஆக இந்த எண் கூடும். மற்ற நாட்டுப் பெண்களுக்கு இருந்த வசதிகள் இல்லாத ஒருவருக்கு அவர்களை எட்டிப் பிடிக்க இதுதான் வழி. ஆபத்து தெரிந்தேதான் எடுத்தார்.

இப்படிக் குதிக்கும் ஒருவருடன் பிசியோதெரபிஸ்ட் முதலிலிருந்தே ரியோ போயிருக்க வேண்டாமா? அவர் இறுதிச்சுற்றுக்குத் தகுதி பெற்ற பிறகுதான் பிசியோ சஜ்ஜன் சிங் பிஷ்ட் அனுப்பப்பட்டார். 2016 ஆகஸ்ட் 14 அன்று தீபா 15.066 புள்ளிகளுடன் நான்காவதாக வந்தார். வெண்கலம் வென்ற ஸ்டைன்க்ரூபர் பெற்றது 15.216. பிசியோ முன்பே போயிருந்தால் பதக்கம் கிடைத்திருக்கும் என்று நான் வாதாடவில்லை. ஜெயித்துக் காட்டு, பிறகு கவனிக்கிறோம் என்ற வழக்கம் தவறு என்கிறேன்.

2017-இல் வலது முழங்காலில் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை. 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் உலக சேலஞ்ச் கோப்பைத் தங்கத்துடன் திரும்பி வந்தார். அடுத்த மாதமே ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மறுபடி முழங்கால்.

அதற்குப் பிறகு 2021 அக்டோபரில் ஊக்கமருந்துச் சோதனைக்கு எடுத்த மாதிரியில் ஹைஜெனமைன் என்ற தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. 21 மாதத் தடை. எதிலிருந்து உடம்பில் சேர்ந்தது என்றே தெரியவில்லை என்று அவர் சொன்னார். நான் அதை நம்புகிறேன். தடை 2023 ஜூலையில் முடிந்தது. ஹாங்சோ ஆசிய விளையாட்டுத் தகுதித் தேர்வில் முதலிடம் பிடித்தார், ஆனாலும் அனுப்பவில்லை. கடந்த 12 மாதச் சாதனை வேண்டும் என்றது விதி. போட்டியிடவே தடை இருந்தவர் அதை எங்கிருந்து காட்டுவார்? அடுத்த வருடம் மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட் தங்கத்தை வாங்கினார். அந்தப் போட்டியில் எந்த இந்தியரும் அதுவரை தங்கம் வாங்கியதில்லை.

கேட்பது பெரிய விஷயமில்லை. தேசிய முகாமில் இருக்கும் ஒவ்வொரு ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்ணுக்கும், பதக்கம் இருக்கிறதோ இல்லையோ, முகாமிலும் வெளிநாட்டுப் போட்டியிலும் பிசியோ உடன் இருக்கட்டும். அவர்கள் சாப்பிடும் மாத்திரை, சத்துமாவு எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும். காயத்திலிருந்தோ தடையிலிருந்தோ திரும்புபவருக்குத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணே போதும் என்று விதியைத் திருத்துங்கள். திருத்த உட்காரும்போது தீபாவையும் நந்தியையும் அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஜிம்னாஸ்டிக்ஸை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகர்