நகை வேறு, முதலீடு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகையும் ரத்தினமும் நல்ல முதலீடா என்ற கேள்விக்கு, தங்கத்தின் விலையேற்றத்தை மட்டும் காட்டிப் பதில் சொல்வது சரியாகாது. தங்கக் கட்டிக்கு உலகச் சந்தையில் அன்றாட விலை உண்டு. அதே தங்கம் நகையாகும்போது அதன்மேல் ஏறும் செய்கூலியும் சேதாரமும் வரியும் விற்கும்போது திரும்புவதில்லை. மேலும், 22 காரட் நகையில் தங்கம் 91.6 சதவீதமே.

ரத்தினங்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஒரே எடையுள்ள இரண்டு மாணிக்கங்கள், நிறத்தாலும் தெளிவாலும், சூடேற்றி நிறம் கூட்டப்பட்டவையா என்பதாலும் பல மடங்கு விலை வேறுபடக்கூடும் என்பதால், தங்கத்தைப்போல் நிறுத்து விலை சொல்ல வழியில்லை. சில்லறை விலையில் வாங்கியவர், பெரும்பாலும் மொத்த விலைக்கும் கீழேதான் விற்க நேர்கிறது. வைரத்தையோ 1950-களிலேயே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிவிட்டார்கள். இன்று நகைக்கேற்ற தரத்திலேயே அவை பெருமளவில் வருவதால், அரிதென்று நம்பி வைரத்தில் பணம் போடுவதும் உறுதியானதல்ல. கைதேர்ந்த வணிகர்கள் அரிய கற்களில் ஈட்டுவது உண்மைதான். ஆனால் அது அவர்களின் தொழில், நம்முடைய சேமிப்பு அல்ல. (அணிந்து மகிழ வாங்குவோரோடு எனக்கு வழக்கில்லை.)

முதலீடு என்று எண்ணி வாங்குவோர், அதே பொருளை மறுநாளே திருப்பிக் கொடுத்தால் என்ன விலை தருவீர்கள் என்று பணம் கட்டுமுன் விற்பவரிடமே கேட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்