விளக்கை அணைப்பது பழுது நீக்குவது ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் காதைக் கிழித்தபடி ஏறும் கார்களின் சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது. புகை விவகாரம்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. சைலன்சரை மாற்றும் சாக்கில் புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் அறுத்தெடுத்து, வெறும் குழாயை வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள ஆக்சிஜன் சென்சாரின் அளவீடு முன்னுள்ளதைப் போலவே ஏறி இறங்கத் தொடங்குவதால், எஞ்சின் கணினி பெரும்பாலும் கன்வெர்ட்டர் சரிவர வேலை செய்யவில்லை என்பதைக் குறிக்கும் 'பி0420' என்ற பிழையைப் பதிந்து, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கை எரியவிடுகிறது.

பிழைப்பதிவுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரைச் செருகி இதை அழித்தால் போவது பதிவு மட்டுமே. கணினி தன் சோதனையை மறுபடி முடித்ததும் விளக்கு திரும்ப எரியும். அதையும் ஏய்க்க, சென்சாரைப் புகையோட்டத்திலிருந்து விலக்கி நிறுத்தும் ஸ்பேசரைப் பொருத்துகிறார்கள், அல்லது மென்பொருளிலேயே அச்சோதனையை முடக்குகிறார்கள். இதைத் தொழில்திறமை என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள்! தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

பிழைப்பதிவை அண்மையில் அழித்திருந்தால், சுயசோதனைகள் முடியவில்லை என்று ஸ்கேனரே காட்டிவிடும். எனவே போக்குவரத்துத் துறையினர் அடிவாரத்தில் சந்தேகத்துக்குரிய கார்களை ஸ்கேனர் கொண்டும் சோதிக்க வேண்டுகிறேன்.

– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்