அக்காவுக்கு, முனிர்காவிலிருந்து

முனிர்கா, டெல்லி
ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பருப்புப்பொடி, கடலைமிட்டாய், உன் கடிதம் எல்லாம் வந்து சேர்ந்தது. மேலத்தெரு சார் திருக்குறள் எக்ஸ்பிரஸில் நிஜாமுதீன் வந்து இறங்கிப் போன் போட்டார், நானே போய் வாங்கிக்கொண்டேன். இரண்டு ராத்திரி ரயிலில் கிடந்தும் ஒரு மிட்டாய்கூட உடையவில்லை.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் மூணு பக்கம் திட்டு. பொங்கலுக்கு அப்புறம் நான் ஒரு வரி எழுதவில்லை, திட்ட வேண்டியதுதான். போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு "சாப்பிட்டானா கேளு, சாப்பிட்டானா கேளு" என்கிறாள், மற்றதைச் சொல்ல விடுவதில்லை. அதனால் இதை நீ மட்டும் படி. அம்மாவுக்கு மிட்டாய் கிடைத்ததை மட்டும் சொன்னால் போதும்.

விஷயம் மூட்டைப்பூச்சி. சிரிக்காதே. தீபாவளி கழிந்து, அறையைக் காலி செய்துகொண்டு போன ஒரு பையனிடம் கட்டிலும் பஞ்சு மெத்தையும் சேர்த்து 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் மூணு மாடி நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். ஒரே வாரத்தில் கையெல்லாம் வரிசையாகத் தடிப்பு. கொசு என்றுதான் நினைத்தேன். மெத்தை ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தால் பேனா மை தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளி, அதற்குப் பக்கத்தில் ரவை ஒட்டின மாதிரி முட்டை.

அப்புறம் குளிர் வந்தது. ஜனவரியில் காலையில் 5 டிகிரி. குல்லா, ஸ்வெட்டர், இரண்டு ஜோடி காலுறை, இவ்வளவும் போட்டுக்கொண்டுதான் தூக்கம். அந்தக் குளிரில் கடி அடியோடு குறைந்துவிட்டது, ஒழிந்தது சனியன் என்றிருந்தேன். அது ஒழியவில்லை அக்கா, முடங்கிக் கிடந்திருக்கிறது, ரத்தம் இல்லாமல் மாதக்கணக்கில் தாங்குமாம். ஹோலி முடிந்து வெயில் ஏறியதோ இல்லையோ, பட்டினி கிடந்ததற்கெல்லாம் சேர்த்துப் பிடுங்கியது.

கடையில் ஸ்ப்ரே வாங்கி அடித்தேன். மருந்து நேராகப் பட்டவை சில செத்தன, மிச்சம் சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து அறைக்குப் போய்விட்டன. அந்த அறைப் பையன் ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கக் கூப்பிடுவான், இப்போது கூப்பிடுவதில்லை. பரவாயில்லை, எனக்கும் ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற வேலை இருக்கிறது. ஏப்ரலில் மருந்தடிக்கிற ஆளைக் கூட்டி வந்தேன். இந்த மருந்துக்கு முட்டை சாகாது, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை அடிக்க வேண்டும் என்று அவன் ஒழுங்காகத்தான் சொன்னான். நான்தான் கூப்பிடவில்லை, நேரம் அமையவில்லை. முட்டைக்கு அதெல்லாம் தெரியுமா, பத்து நாளில் பொரித்துவிட்டது.

நீ மண்ணெண்ணெய் தடவச் சொல்லி எழுதியிருக்கிறாய். டெல்லியில் ரேஷனில் மண்ணெண்ணெயே கிடையாது, 2014லேயே நிறுத்திவிட்டார்கள். கிடைத்தாலும் இந்தச் சின்ன அறையில் கேஸ் அடுப்புக்கு நாலடி தள்ளித்தான் கட்டில். ஆபீஸில் ஒருவர் கோதுமை மூட்டைக்குள் போடுகிற மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் வை என்றார். அலுமினியம் பாஸ்பைடு அது, அதில் வருகிற விஷவாயுவில் பூச்சிக்கு முன்னால் ஆள் போய்விடுவான். பக்கத்து அறைக்காரனையும் சேர்த்துக் கொன்றிருப்பேன்.

கடைசியில் வழி சொன்னது வீட்டுக்காரரின் அம்மா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஜாட் பொம்பளை, மொட்டைமாடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஹுக்கா குடிப்பாள். முதல் நாள் பார்த்து அரண்டே போனேன். எல்லோரும் தாயீ என்று கூப்பிடுகிறார்கள், பெரியம்மா என்று அர்த்தம். நம்ம பக்கம் "என்ன தாயி" என்போமே, அந்த ஞாபகத்தில் எனக்கும் அது வாயில் சுலபமாக வந்துவிட்டது. அவள் பேசும் இந்தி எனக்குப் பாதி புரியாது, என் இந்தி அவளுக்கு முழுக்கப் புரியாது. அதனால் ஒரு பூச்சியைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். "கட்மல்!" என்று சொல்லிவிட்டு, ஹுக்காவைக் கீழே வைக்காமலே, உருளியில் தண்ணீர் கொதிக்க வைப்பது மாதிரி கையால் அபிநயம் பிடித்தாள்.

கட்டிலைத் திருகுத்திருகாகக் கழற்றினேன். திருகு போகிற ஓட்டைக்குள் மசூர் பருப்பை அடைத்த மாதிரி இருந்தது அக்கா. பாட்டி முற்றத்தில் கட்டிலைச் சாய்த்துப்போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றுவாளே, அதேதான், ஒரு ஓட்டை விடாமல் மூணு நாள் ஊற்றினேன். துணிமணியைக் கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தகரக் கூரை மேல் நாள் முழுக்கக் காயப்போட்டேன். வெளியே 45 டிகிரி வெயில், பைக்குள் இன்னும் அதிகம். உள்ளே வரை 50 டிகிரிக்கு மேல் ஏறினால் முட்டையும் மிஞ்சாது. மெத்தையிடம் மட்டும் இது பலிக்கவில்லை, மேலே சுட்டால் பூச்சி அடிப்பக்கம் போய் ஒளிந்துகொள்கிறது. தூக்கிப் போட்டுவிட்டேன். வேறு எவனாவது எடுத்துப்போய் அவதிப்படக்கூடாதே என்று கத்தியால் கிழித்துத்தான் போட்டேன். இப்போது வெறும் பலகையில் போர்வை விரித்துப் படுக்கிறேன், முதுகுக்கு அதுதான் நல்லதாம். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப்போட்டு, காலுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். மூணு வாரமாக ஒரு கடி இல்லை.

இங்கே காய் வாங்கினால் கொசுறாகக் கொத்தமல்லி தருவான், கறிவேப்பிலை இல்லை. இந்தப் பூச்சியை நசுக்கினால் கொத்தமல்லி கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை. மூணு மாசமாக அந்தக் கொசுறை வேண்டாம் என்கிறேன், காய்க்காரன் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான்.

அந்தத் தீப்பெட்டியைத் தூக்கி எறியப் போகும்போதுதான் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் கோவில்பட்டி என்று போட்டிருந்தது. அம்மா தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வரும்போது சேலையில் ஒரு மருந்து நெடி இருக்குமே, நாம் இரண்டு பேரும் அதை மோந்துகொண்டே தூங்குவோமே. பெட்டியை மோந்து பார்த்தேன். மூட்டைப்பூச்சி நாற்றம்தான் வந்தது. மாடிப்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். தாயீ என்னவோ கேட்டாள், கண்ணில் தூசி என்று சொல்ல எனக்கு இந்தி வரவில்லை.

சரி, அதை விடு. சித்திரைக் கொடைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். டிக்கெட் கிடைக்கவில்லை என்று போனில் சொன்னேன், நிஜக் காரணம் இந்தப் பூச்சிதான். பைத் தையலில் ஏறி ஊருக்கே வந்துவிடும், அம்மா கட்டிலில் ஏறிவிட்டால் என்ன செய்வது? அத்தானிடமும் அப்படியே சொல்லிவிடு. பணத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஆபீஸில் இப்போது சம்பளத்தை இரண்டு தவணையாகத் தருகிறார்கள், கணக்கு வைத்துச் செலவு செய்ய எனக்கு அதுவும் வசதியாகத்தான் இருக்கிறது.

பாப்பா காதுகுத்துக்கு வேறு யார் மடியும் வேண்டாம். நான் வருவேன். ஆவணியில் கடைசி முகூர்த்தமாகப் பார்க்கச் சொல், முதல் வாரம் வேண்டாம். தோடு நான்தான் போடுவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் பச்சைக் காதில் கனமாகப் போட்டால் இழுக்கும் என்கிறார்கள், மெல்லிசாக அரை கிராமில் போட்டால் உன் மாமியார் ஏதும் சொல்வார்களா? மறைக்காமல் எழுது.

கிணற்று மோட்டார் காயில் கட்டினதற்கு அத்தான் கொடுத்த பணத்தை நான் வந்து கொடுத்துவிடுகிறேன், அம்மாவிடம் கேட்க வேண்டாம். பெரியப்பா வடக்குப் புஞ்சைக்குக் கையெழுத்து கேட்டால் அம்மா எதிலும் போடக்கூடாது. தம்பி வரட்டும் என்று மட்டும் சொல்லச் சொல். பட்டா நகல் பீரோவில் நீலப் பையில் இருக்கிறது, சாவி அரிசிப் பானைக்குப் பின்னால். அதை நீ எடுத்து உன் வீட்டில் வைத்துக்கொள்.

அன்புத் தம்பி