ஏழு நைட் பாக்கி

என்னோடு வேலை பார்த்தவர்களுக்கும், என்னோடு மேடையில் உட்கார்ந்தவர்களுக்கும் வணக்கம்.

வருகிற மே 31 சாயங்காலத்தோடு எனக்குத் தபால் துறையில் சர்வீஸ் முடிகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதி ஜூன் 1. ஒன்றாம் தேதி பிறந்தவன் அறுபது முடிகிற மாதத்துக்கு முந்தின மாதக் கடைசியிலேயே வெளியே போக வேண்டும் என்பது மத்திய அரசு விதி. ஜூன் 2 என்று எழுதியிருந்தால் இன்னொரு மாதச் சம்பளம் வாங்கியிருப்பேன். போகட்டும், வைகாசி முகூர்த்தம் இன்னும் பாக்கி இருக்கிறது.

பகலில் ஆபீஸ், ராத்திரி கச்சேரி என்றால் எவனும் சமாளித்துவிடுவான். ஆர்.எம்.எஸ்., அதாவது தபால் பிரித்து அனுப்பும் ரயில்வே மெயில் சர்வீஸில் வேலையே ராத்திரிதான். தபால் பைகள் வந்து இறங்கும். விடிவதற்குள் பிரித்துக் கட்டி அனுப்பியாக வேண்டும். மதுரையைச் சுற்றிப் பங்குனி, சித்திரையில் எந்த ஊரில் பொங்கல் வைத்தாலும் மெல்லிசைக் கச்சேரியும் ராத்திரிதான். 1990இல் சார்ட்டிங் அசிஸ்டெண்ட்டாகச் சேர்ந்ததிலிருந்து நான் தபேலா வாசித்த ஒவ்வொரு ராத்திரியும் இன்னொருவர் தூக்கம் கெட்ட ராத்திரி.

முக்கியமாக, என் பக்கத்து கேஸில், அதாவது ஊர்வாரியாகத் தபால் பிரித்துப் போடும் அறைத்தட்டில், நின்ற அண்ணன். "தம்பி, போயிட்டு வா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் கச்சேரியை அவர் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பார்? நான் வாசிக்கும் நேரமெல்லாம் அவர் என் இடத்தில் நின்று மதுரைப் பின்கோடு 625ஐயும் விருதுநகர்ப் பின்கோடு 626ஐயும் பிரித்துக்கொண்டிருந்தார். 2000இல் ஒலி மாசு விதி வந்து, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று ஆனது. குழுவில் எல்லோரும் புலம்பினோம். அதற்கு முன்னால் ராத்திரி ரெண்டு மணிவரை இழுப்போம். ஏட்டய்யா மேடைக்குப் பக்கத்தில் வந்து கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகு, எனக்கு முழு நைட் கடன் அரை நைட் ஆனது. பெயர் தெரியாத அந்த ஏட்டய்யாக்களுக்கும் ஒரு நன்றி.

ஒரு தடவை என்மேல் மொட்டைக் கடுதாசி போட்டார்கள், அரசு ஊழியர் காசுக்குக் கச்சேரி பண்ணுகிறார் என்று. வேடிக்கை என்னவென்றால் அதுவும் எங்கள் சார்ட்டிங் வழியாகத்தான் போயிருக்கும். நானே பிரித்துப் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்போதிருந்த மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, 1964 நடத்தை விதிகளில் 15ஆவது விதியைக் காட்டினார். எப்போதாவது செய்கிற கலைப்பணிக்கு முன்அனுமதி வேண்டாம், ஆபீஸ் வேலை கெடக்கூடாது. "கெட்டிருக்கா?" என்று கேட்டார். பக்கத்து கேஸ் அண்ணன்தான் முந்திக்கொண்டு, "இல்லை சார்" என்றார்.

அப்புறம் மேலூர் பஸ் கண்டக்டர். கச்சேரி முடிந்து அசதியில் மாட்டுத்தாவணியில் இறங்கினேன். தபேலா கையில் இருக்கிறது, இடது கைக்கான டக்கா இல்லை. வலது கை மட்டும் வைத்துக்கொண்டு என்ன வாசிப்பது? மறுநாள் ஓடினால், டைம்கீப்பர் மேஜைக்கு அடியில் என் பை. "ஏதோ சீர்ப் பானைன்னு நெனச்சேன் சார், பிரிச்சுப் பாத்தா தோல் கட்டியிருந்துச்சு" என்றார். டீக்குக்கூட ஒத்துக்கொள்ளவில்லை.

தோல் மாற்றித் தருகிற பாய்க்கு எவ்வளவு சொன்னாலும் தகும். ஐப்பசி ஈரத்தில் தோல் தொய்ந்து சுருதி நிற்காது. பாடகி ஒன்றரைக் கட்டையில் எடுப்பார், என் தபேலா அதற்குக் கீழே முனகும். பாய் நடுக் கறுப்பில் விரலை வைத்து ஒரு தட்டுத்தட்டி, காதைச் சாய்த்து, சுத்தியலால் விளிம்பில் ஒரு இடத்தில் மட்டும் தொடுவார். சரியாகிவிடும். அதே இடத்தில் வீட்டில் நான் அடித்தால் ஆகாது. எத்தனையோ முறை அவர் வாங்கியது பஸ் சார்ஜ் மட்டும்.

தாளத்தை மின்சாரத்தில் வாசிக்கும் ரிதம் பேட் வந்து பல குழுக்களில் தோல்வாத்தியத்தை எடுத்தபோதும் என்னை உட்காரவைத்த கீபோர்டு அண்ணனுக்கு நன்றி. பேடில் தப்பு வராது, உண்மைதான். பாடுகிறவர் ஒரு வரியை மறந்து முழிக்கும்போது அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், காத்திருக்கத் தெரியாது. பாட்டுக்குரல் இல்லாமல் பதிவுசெய்த மைனஸ் ஒன் டிராக்கும் அப்படித்தான். இதை வயசானவன் பொருமல் என்று அவர் சொல்வார். சொல்லட்டும்.

வீட்டம்மாவுக்கு இங்கே எழுதினால் கோபம் வரும். அடுப்பில் வைத்த சுடுதண்ணீருக்கு மட்டும் நன்றி. விடியற்காலையில் விரல் வீங்கி வந்த நாளெல்லாம் கேட்காமலே இருந்தது.

கடைசியாகக் கணக்கு. யார் எனக்கு எந்த நைட் பார்த்தார்கள், நான் எதைத் திருப்பினேன் என்று டைரியில் எழுதிவைத்திருக்கிறேன். போன வாரம் கூட்டிப் பார்த்தேன். ஏழு நைட் இன்னும் தர வேண்டியிருக்கிறது: பக்கத்து கேஸ் அண்ணனுக்கு நாலு, பார்சலில் இருக்கும் தங்கச்சியின் வீட்டுக்காரருக்கு ரெண்டு, மாற்றலாகிப் போன திருநெல்வேலிக்காரருக்கு ஒன்று. அண்ணன் ரிட்டயர் ஆகியே ஆறு வருஷமாகிறது, டூட்டியாகத் திருப்ப வழியில்லை. அதனால் உங்கள் வீட்டு வரவேற்பு எதுவானாலும் தபேலா என் கணக்கு. மைக்செட்டுக்கு மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள். அண்ணனின் பேத்திக்கு ஆவணியில் காதுகுத்து என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு அவர் முன்வரிசையில் உட்கார வேண்டும்.