டம்ஃப்ரீஸில் ஒரு விதவையின் சாமான்கள்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மாப்பிள்ளையையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்.

டம்ஃப்ரீஸ் ஊரில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் வாழ்ந்த பர்ன்ஸ் தெரு வீட்டின் படங்கள் வந்து சேர்ந்தன. கூடவே நீ கேட்டிருந்த கேள்விதான் எனக்கு அதைவிடப் பிடித்தது. "கவிஞர் போன பிறகு அந்த அம்மா இவ்வளவு காலம் இங்கே இருந்திருக்காங்களே, அவங்களும் போன பிறகு அவங்க பண்டம் பாத்திரமெல்லாம் என்ன ஆச்சு? அந்தக் காலத்தில் இங்கே ஒரு விதவையின் சொத்தை எப்படிப் பிரிச்சாங்க?" இது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. பத்திரப் பதிவிலேயே காலத்தை ஓட்டியவன் என்பதால் ஸ்காட்லாந்தின் பழைய வாரிசுச் சட்டத்தை ஆசையோடு தேடித்தேடிப் படித்திருக்கிறேன். அதை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ராபர்ட் பர்ன்ஸ் 1796 ஜூலையில் இறந்தார். அவர் மனைவி ஜீன் ஆர்மர் இறந்தது 1834 மார்ச் 26-ஆம் தேதி. இடையில் 38 வருஷம். அந்தக் காலம் முழுவதும் அதே வீட்டில்தான் இருந்தார். அது வாடகை வீடு. ஆகவே அவர் விட்டுப் போனது வீட்டுச் சாமான்களும் கொஞ்சம் பணமும்தான். நம் பழைய பத்திரங்களில் 'ஸ்தாவர ஜங்கம சொத்துக்கள்' என்று எழுதுவோமே, அதில் ஸ்தாவரம், அதாவது அசையாச் சொத்து, அவரிடம் இல்லை, அசையும் சொத்தான ஜங்கமம் மட்டும்.

ஸ்காட்லாந்தில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய சுவரே இருந்தது. நிலமும் கட்டடமும் ஒரு வழியில் போகும், ஆடுமாடு, தானியம், பணம், பாத்திரம் வேறு வழியில் போகும். நிலம் மூத்த மகனுக்கு. இந்த முறையை 1964-இல்தான் எடுத்தார்கள். நிலத்தை உயிலில் எழுதி வைக்கவும் 1868 வரை முடியாது. நினைத்தவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால், நம்மூரில் ஆயுட்கால அனுபவத்தைத் தனக்கு நிறுத்திக்கொண்டு செட்டில்மென்ட் எழுதுவது போல, உயிரோடு இருக்கும்போதே கைமாற்றிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கும் ஒரு தடை உண்டு. எந்த நோயில் ஒருவர் இறந்தாரோ, அந்த நோயில் படுத்த பிறகு எழுதிய நிலப் பத்திரத்தை மூத்த வாரிசு வழக்குப் போட்டு உடைக்கலாம். எழுதியவர் அதன் பிறகு 60 நாள் உயிரோடு இருந்திருந்தால் பத்திரம் தப்பும். இல்லாவிட்டால், யாரும் தாங்கிப் பிடிக்காமல் தன் காலில் நடந்து கிறிஸ்தவக் கோயிலுக்கோ சந்தைக்கோ ஊர் கூடியிருக்கும் நேரத்தில் போய்வந்திருக்க வேண்டும். தகப்பன் வழியில் தனக்கு வந்த நிலத்தை இளைய மகளுக்குக் கொடுக்க நினைத்த ஒரு கிழவியை நினைத்துப் பார். கையெழுத்துப் போட்டால் போதாது. நோயோடு எழுந்து, கைத்தாங்கல் வேண்டாமென்று சொல்லி, ஊர்க் கண் முன்னால் கோயில்வரை நடந்து காட்ட வேண்டும். தன் நிலத்தைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க அவளுக்கு இந்தப் பரீட்சை. இந்த விதி 1871-இல் ஒழிந்தது. அதுவரை அதை வைத்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

புருஷனின் நிலத்தில் விதவைக்கு உரிமை இருந்தது, ஆனால் அனுபவம் மட்டும். மூன்றில் ஒரு பங்கின் வருமானத்தைச் சாகும்வரை சாப்பிடலாம், விற்கவோ எழுதிவைக்கவோ முடியாது. அவர் கண்ணை மூடியதும் அது நின்றுவிடும். இங்கே கணக்கு எப்படிப் போகும் தெரியுமா? வருஷத்துக்கு இரண்டு தவணை நாள், மே 15-ஆம் தேதி ஒன்று, நவம்பர் 11-ஆம் தேதி ஒன்று. மே தவணையைத் தாண்டி இறந்தால் அந்த வருஷக் குத்தகையில் பாதி அவர் விட்டுப்போன சொத்தில் சேரும். நவம்பர் தவணையையும் தாண்டிவிட்டால் முழுவதும் சேரும். மே 14-இல் இறந்தால் அந்த வருஷக் குத்தகையில் ஒன்றும் இல்லை. அவரே விதைத்த பயிர் மட்டும் விளைந்து நின்றால் அவருடைய ஆட்கள் அறுத்துக்கொள்ளலாம். விதைத்தவருக்கே விளைச்சல் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். இது எனக்குப் பிடித்த விதி.

இனி ஜங்கமம். ஜீன் அம்மாவின் கதை இங்கேதான் வருகிறது.

கல்யாணமான பெண்ணின் அசையும் சொத்து அத்தனையும் அந்தக் காலத்தில் புருஷனுடையது. அவள் கொண்டுவந்த பணம், பசு, சம்பாதித்த கூலி எல்லாம் அவன் கைக்குப் போகும். உடுத்த துணி, போட்ட நகை, அவற்றை வைத்த பெட்டி, இவ்வளவுதான் அவளுக்கென்று மிஞ்சும். கூலி விஷயம் 1877 சட்டத்தாலும் மற்றது 1881 சட்டத்தாலும் மாறியது. புருஷன் இறந்தால் அவன் ஜங்கமத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். விதவைக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, இறந்தவர் இஷ்டப்படி எழுதிவைக்க ஒன்று. பிள்ளை இல்லாவிட்டால் விதவைக்குப் பாதி. கல்யாணமாகி ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆகாமலே, உயிரோடு பிறந்து அழுத குழந்தையும் இல்லாமலே புருஷன் போய்விட்டால் அதுவும் கிடையாது. 1855 வரைக்கும் அப்படித்தான்.

சரி, அப்படி ஒரு பங்கு வாங்கிய விதவை, பின்னால் அவளே இறக்கும்போது என்ன ஆகும்? நான் படித்ததில் மறக்க முடியாத பகுதி இது. தகப்பன் நினைத்தாலும் பிள்ளைகளின் மூன்றில் ஒரு பங்கைத் தொட முடியாது. தாயின் சொத்தில் பிள்ளைகளுக்கு அப்படிக் கட்டாயப் பங்கு எதுவுமே 1881 வரை கிடையாது. ஆகவே ஒரு விதவை தன் ஜங்கமம் முழுவதையும் தன் மனம்போல் எழுதலாம், பக்கத்து வீட்டுக்காரிக்கு எழுதினாலும் சரி. மகளாக இருந்தபோது தகப்பன் பார்த்துக்கொண்டான். மனைவியானதும் எல்லாம் புருஷன் கையில் போயிற்று. தாலி அறுந்த பிறகுதான், நம் பாஷையில் சொன்னால், அவள் தன் பொருளுக்குத் தானே எஜமானி ஆனாள். அந்தச் சட்டம் இதை ஒரு மரியாதையாக நினைத்துச் செய்ததா என்றால் இல்லை. பெண்ணிடம் பெரிதாக என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பில்தான் கட்டாயப் பங்கு வைக்காமல் விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியோ, அவளுக்குக் கிடைத்த ஒரே சுதந்திரம் அது.

எழுதத் தெரியாதவர்களும் உயில் வைத்தார்கள். எழுதத் தெரியாதவருக்காக நோட்டரி கையெழுத்துப் போடலாம், உயிலுக்கு மட்டும் அந்த ஊர்க் கோயிலின் போதகரும் போடலாம் என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் செய்திருந்தார்கள். உயிலுக்கு உரியவர் பேனாவைத் தொட்டுக் கொடுக்க வேண்டும், சாட்சிகள் அதைப் பார்க்க வேண்டும். வாயால் சொன்ன தானமும் 100 ஸ்காட்ஸ் பவுண்டு வரை செல்லும். பெரிய தொகையென்று நினைத்துவிடாதே, 12 ஸ்காட்ஸ் பவுண்டு சேர்ந்தால்தான் ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு.

உயில் இல்லாமல் இறந்தால் பிள்ளைகள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள், மகனென்றும் மகளென்றும் வித்தியாசம் இல்லை. ஆனால் நிலத்தை எடுத்துக்கொண்ட மூத்தவன், அதையும் பொதுவில் போட்டால்தான் இதில் பங்கு கேட்க முடியும். நியாயமான ஏற்பாடு. நியாயமில்லாத ஒன்றும் இருந்தது. தாய்க்கு முன்பே ஒரு மகனோ மகளோ இறந்து, அவர்களுக்குக் குழந்தை இருந்தாலும், அந்தப் பேரப்பிள்ளைக்கு 1855 வரை ஒன்றும் வராது. உயிரோடு இருக்கும் பிள்ளைகளே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜீன் அம்மாவின் வீட்டிலேயே இப்படி ஒரு குழந்தை இருந்தது. அவருடைய மகன் ஜேம்ஸ் வங்காளப் படையில் அதிகாரி. மனைவி இங்கே இறந்துபோக, கைக்குழந்தை சாராவைக் கப்பலேற்றிப் பாட்டியிடம் அனுப்பிவைத்தார். அவள் டம்ஃப்ரீஸில் பாட்டி கையில் வளர்ந்தாள். ஜேம்ஸ் உயிரோடு இருந்ததால் பிரச்சினை இல்லை. அவர் இங்கே காய்ச்சலில் போயிருந்தால், உயில் இல்லாத பட்சத்தில், அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த வீட்டின் ஒரு கரண்டிகூடச் சட்டப்படி கிடைத்திருக்காது.

இன்னொரு மகன் வில்லியம் இருந்தது மதராஸ் படையில், நம் பக்கம்தான். ஜேம்ஸ் பதவி உயர்ந்ததும் தாய்க்கு வருஷம் 150 பவுண்டு அனுப்ப ஆரம்பித்தார். அதுவரை ஒரு பிரபு கொடுத்துவந்த 50 பவுண்டு உதவித்தொகையை அந்த அம்மா அதன் பிறகு வாங்கவில்லை. பிற்பாடு வில்லியமும் தாய்க்கு உதவினார். ஆக, அந்த வீட்டில் கடைசி வருஷங்களில் அடுப்பெரிந்ததில் மதராஸ் சம்பளத்துக்கும் பங்குண்டு.

அடுத்தது கோர்ட். 1564 முதல் இந்த விவகாரமெல்லாம் கமிசரி கோர்ட்டுகளின் கையில். அதற்கு முன் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையின் கோர்ட்டுகள் பார்த்தன. 1824 முதல் எடின்பரோவுக்கு வெளியே இருந்த கமிசரி கோர்ட்டுகளின் வேலை ஷெரிஃப் கோர்ட்டுக்குப் போய்விட்டது, ஆகவே ஜீன் அம்மா இறந்த காலத்தில் ஷெரிஃப்தான். உயில் இருந்தால் அதில் சொன்னவரே நிறைவேற்றாளர். இல்லாவிட்டால் கோர்ட்டே ஒருவரை நியமிக்கும், அவர் ஜாமீன் கொடுக்க வேண்டும். பழைய காலத்தில் இறந்தவரின் ஊர்க் கோயில் கதவில் அறிவிப்பு ஒட்டி ஒன்பது நாள் அவகாசம் கொடுப்பார்கள், உரிமையோ ஆட்சேபணையோ இருப்பவர்கள் வந்து சொல்லலாம். அப்புறம் பட்டியல். எத்தனை மாடு, எவ்வளவு ஓட்ஸ், என்ன விலை. பாத்திரமும் உடம்புத் துணியும் சேர்த்து ஒரு தொகை. அவளுக்கு யார் யார் கடன்பட்டிருக்கிறார்கள், அவள் யாருக்குக் கொடுக்க வேண்டும். கடன் போக மிஞ்சுவதில் இருபதில் ஒரு பங்கைக் கோர்ட் தரப்பு எடுத்துக்கொள்ளும் வழக்கமும் 1701 வரை இருந்தது.

நிறைவேற்றாளராகக் கோர்ட் உத்தரவு வாங்காமல் இறந்தவளின் பண்டத்தில் கைவைத்தவன் கதி என்ன தெரியுமா? ஒரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனாலும், அவளுடைய கடன் முழுவதற்கும் அவன் பொறுப்பாகிவிடலாம். கடுமைதான். ஆனால் சாவு வீட்டில் கூட்டத்தோடு கூட்டமாகச் சாமான் காணாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நான் இந்த விதியின் பக்கம்தான்.

அடக்கச் செலவு, கடைசி மருந்துச் செலவு, வேலைக்காரர் கூலி, இவை முதலில். மற்றக் கடன்காரர்களுக்கு ஆறு மாதம் வரை நிறைவேற்றாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டவர்கள் எல்லாரும் சமம், முந்தி வந்தவனுக்கு முதல் மரியாதை இல்லை.

சாமான்களை என்ன செய்வார்கள்? பெரும்பாலும் ஏலம்தான். தட்டுமுட்டுச் சாமானைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்க அதைவிட நேரான வழி கிடையாது. ஜீன் அம்மாவின் வீட்டு ஏலம் 1834 ஏப்ரல் 10, 11 ஆகிய இரண்டு நாள் நடந்தது. இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊரே கூடிவிட்டது. செம்புத் தேநீர்க் கெண்டி ஒன்று 2 பவுண்டுக்குப் போனது. கூடத்துக் கடிகாரம் 35 பவுண்டு. அந்தப் பிரபு கொடுத்துவந்த உதவித்தொகை வருஷத்துக்கு 50 பவுண்டுதான் என்பதை இதோடு வைத்துப் பார்.

எனக்கு மனசு கேட்காத இடம் இதுதான், பாப்பா. அந்த விலை அந்த அம்மாவுக்குக் கொடுத்த விலை இல்லை. கவிஞர் தொட்ட கெண்டி, கவிஞர் மணி பார்த்த கடிகாரம் என்றுதான் போட்டி போட்டார்கள். அவர் அந்த வீட்டில் இருந்தது மூன்று வருஷம். அதன் பிறகு 38 வருஷம் அந்தக் கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்தது அவள். கவிஞரைப் பார்க்க வந்து, அவர் இல்லையென்று தெரிந்தும் கதவைத் தட்டிய எத்தனையோ பேருக்குத் தேநீர் கொடுத்தது அவள். சட்டம் அவளை எஜமானி என்று ஒத்துக்கொண்ட பொருள்களைக்கூட ஊர் புருஷனுடைய பொருளாகவே பார்த்தது.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேர் இந்தியப் படைக்குப் போனவர்கள். ஏலம் விட்டதில் தப்பில்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர், இது ஜீன் ஆர்மரின் கெண்டி என்று நினைத்துக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மாப்பிள்ளை தன் பக்கத்துப் பாட்டிமார்களைத் தேட வேண்டுமென்று சொன்னாரே, அவருக்கு ஒரு விஷயம். எடின்பரோ ஆவணக் காப்பகத்தில் 1513 முதலான உயில்களும் பட்டியல்களும் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். பெண்களைப் புருஷன் குடும்பப் பெயரில் மட்டும் தேடினால் தவறிப்போகும். ஸ்காட்லாந்தில் கல்யாணமானாலும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் சட்டப்படி அவளோடேயே இருந்தது, பட்டியலிலும் பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் இருப்பாள், பக்கத்தில் 'இன்னாருடைய விதவை' என்று இருக்கும். ஏதாவது கிடைத்தால் முதலில் கடன் பகுதியைப் படிக்கச் சொல். அவள் யாருக்கு எவ்வளவு கொடுத்து உதவினாள், யாரிடம் வாங்கினாள் என்பதில் அவள் ஊரில் வாழ்ந்த வாழ்க்கை தெரியும். பிரதி எடுத்து எனக்கும் அனுப்புங்கள். பழைய கையெழுத்து என்றாலும் பரவாயில்லை, உட்கார்ந்து படித்துவிடுவேன்.

குளிர் அதிகமென்று அம்மா கவலைப்படுகிறாள். குட்டிக்குக் காதை மூடிக் கூட்டிப் போ.

அன்புடன்,
அப்பா