வியாழன் கூட்டம், ரத்ததான முகாம், அப்புறம் நம் குழு

குன்னூர் கிளப் நண்பர்களுக்கு வணக்கம்.

ஞாயிறன்று நடந்த கண் முகாமுக்கு எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து நல்ல கூட்டம். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் புதுக் கண்ணாடியைப் போட்டதும் முதலில் பார்த்தது தன் விரல் நகத்தில் ஏறியிருந்த தேயிலைக் கறையைத்தான். "இவ்வளவு கறுப்பா!" என்று சிரித்துவிட்டார். கண்புரை உள்ளவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வண்டி தேவை. ஜீப் தர முடிந்தவர்கள் செயலாளரிடம் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு ரத்ததானம். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 4 மாதம் ஆகியிருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வராதீர்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவைப் பற்றி ஒன்று. போன வாரம் அவசரமாக ரத்தம் கேட்டு வந்த செய்தி, காலை வணக்க ரோஜாப்பூக்களுக்கு அடியில் புதைந்துபோனது. பூக்கள் மேல் கோபமில்லை, ஆனால் இங்கே வேண்டாமே. ரத்தம் கேட்பவர்கள் வகை, எத்தனை யூனிட், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதுங்கள். கிடைத்ததும் 'கிடைத்துவிட்டது' என்றும் போடுங்கள். இல்லையென்றால் அந்தச் செய்தி மாதக்கணக்கில் ஊர் சுற்றும்.

வியாழன் கூட்டம் மாலை 6 மணிக்கு. பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து வருபவர்கள் கோத்தகிரி வழியாக வாருங்கள். தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை தெரியுமல்லவா? போண்டாவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், வருபவர்கள் புதன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.